செல்வதுரை திறந்த வால்வு

நாசரேத்துக்காரர் செல்வதுரை பதினெட்டு வருடம் ஒரே கப்பலில் வேலை பார்த்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களுக்கு எரியெண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன டேங்கர் அது. அதில் அவர் பம்ப்மேன். எந்தத் தொட்டியில் எவ்வளவு எண்ணெய், எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தன் வீட்டு அறைகளைப் போலப் பழக்கம். எஞ்சின் அறையில் இருந்த மாரிச்செல்வம் அவரைவிட எட்டு வயது இளையவன், கீழவைப்பார் பக்கத்து ஆள். கிறிஸ்துமஸுக்கு அவன் குடும்பத்தோடு நாசரேத்துக்கு வருவதும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு இவர் அங்கே போவதும் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

டீசல் மிச்சமாகும் என்று அந்தக் கப்பல் எப்போதும் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு தீவுக்கும் கரைக்கும் நடுவேயுள்ள குறுக்கு வழியில்தான் போய்வரும். ஒரு மாசி மாதக் காலையில் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கும்போது, கப்பல் சாயாமலிருக்கக் கடல்நீர் நிரப்பியிருந்த தொட்டியில் எண்ணெய் மிதப்பதைச் செல்வதுரை பார்த்தார். அதற்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவேயுள்ள தடுப்புத் தகடு விரிசல் விட்டிருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. கேப்டனிடம் ஓடினார். கேப்டன் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"தொட்டியக் கடல்ல காலி பண்ணிட்டு வரச் சொல்லுதாங்க. ரிப்பேர் அடுத்த மாசந்தானாம்."

"சார், தீவு பக்கத்துல போய்ட்டு இருக்கோம்."

"எனக்குத் தெரியாதா? பம்பப் போடுங்க."

செல்வதுரை கொஞ்ச நேரம் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திறந்தார்.

மூன்றாம் நாள் தீவைச் சுற்றியிருந்த கடல்புல் தார் பூசியதுபோல் கிடந்தது. நண்டு வலைகளைக் கரையில் இழுத்துப் போட்டவர்கள் கழுவிப் பார்த்தார்கள். முடியாமல் மணலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். செல்வதுரை பைக்கில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டேங்கர்களை அந்த வழியில் விடக்கூடாது என்று மீனவர்கள் மனுக் கொடுத்தார்கள். எண்ணெய் ஏதோ வெளிநாட்டுக் கப்பலுடையது என்றது கம்பெனி. அதிகாரிகள் விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாரிச்செல்வம் வீட்டுக்கு வந்தான். செல்வதுரையின் மனைவி கிருபாபாய் காப்பி கொடுத்தாள். அவன் தொடவில்லை.

"நீங்க நாளைக்குப் பேசப் போறியளாம். நெசமா, அண்ணாச்சி?"

"ஏலே, வால்வத் தொறந்தவன் நான்லா. வேற எவன் சொல்லுவான்?"

"சொன்னா தீவச் சுத்தி வெளிக்கடல்ல போவச் சொல்லுவாங்க. நம்ம கம்பெனிக்காரன் அதுக்கு ஒத்துக்கிடமாட்டான், கப்பல வித்துருவான். எனக்கு அந்த எஞ்சினத் தவிர என்ன தெரியும்? இந்த வயசுல எவன் கூப்பிடுவான்?"

"எனக்கும் அதே கெதிதானலே."

"ஒங்க வீட்ல மைனி டீச்சர் வேல பாக்காவ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் செல்வதுரை அதிகாரிகள் முன்னால் நடந்ததைச் சொன்னார். பம்பைப் போட்டது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. நான்கு மாதத்தில் உத்தரவு வந்தது. அன்றிலிருந்து எண்ணெய்க் கப்பல்கள் தீவுக்கு வெளியே சுற்றித்தான் போகின்றன. மாரிச்செல்வம் சொன்னபடியே கம்பெனி கப்பலை விற்றது. பதினோரு பேருக்கு வேலை போயிற்று. செல்வதுரை சாத்தான்குளத்தில் மைத்துனரின் இரும்புக்கடையில் வேலைக்கு நின்றார். மாரிச்செல்வம் யார் யாரையோ பிடித்து வளைகுடா நாட்டில் ஒரு பழைய கப்பலில் ஏறினான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் வரவில்லை.

வைகாசியில் செய்தி வந்தது. மாரிச்செல்வம் எஞ்சின் அறைச் சூட்டில் மயங்கி விழுந்திருக்கிறான். கரைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. உடல் ஊர் வந்து சேரப் பத்தொன்பது நாளாயிற்று.

செல்வதுரையும் கிருபாபாயும் போனார்கள். அவன் மனைவி பிரேமா அழுது ஓய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அவரு ஒங்கள ஒரு வார்த்த ஏசுனதில்ல, அண்ணாச்சி. நீங்க சொன்னது நெசந்தான்னு எங்கிட்டயே சொன்னாரு. ஆனா ஒங்க பேர எடுத்தா எந்திச்சு வெளிய போயிருவாரு."

"நான் என்ன செய்யணும், பிரேமா?"

"தூக்குற வரைக்கும் இருங்க. பொறவு இங்கன வராதிங்க. ஒங்களப் பாத்தா அந்தக் கப்பல்தான் ஞாபகத்துக்கு வருது."

பாடையின் ஒரு முனையைச் செல்வதுரையும் தூக்கினார். வழியில் யாரோ மாற்றிக்கொள்ள வந்தபோது விடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிருபாபாய் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருக்கலாமோ?"



"இல்ல. திரும்பக் கூப்பிட்டாலும் சொல்லத்தான் செய்வேன்" என்றார். குளத்தூர் தாண்டியதும் அவராகவே சொன்னார். "வேல போன பொறவு அவனுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன். எடுக்கல. சரின்னு விட்டுட்டேன், கிருபா. நேர்ல போயிருக்கணும்."