வாசலில் விட்ட சப்பாத்து

பிள்ளைகள், ரைன் நதிக் கப்பல் பயணம் எப்படி என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "நல்லது" என்று மட்டும் சொன்னேன். கொலோன் நகரத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போன இலையுதிர்காலம். அம்மாவுக்கும் எனக்கும் என்று நீங்கள் ஒழுங்கு செய்த பயணம். அதற்குள் அம்மா கண்ணை மூடிவிட்டா. "அம்மா ஆசைப்பட்ட இடம், நீங்களாவது போயிட்டு வாங்கோ அப்பா" என்றீர்கள். போனேன். கப்பல் அறையில் இரண்டு கட்டில். ஒவ்வொரு நாளும் கப்பல் வேலையாட்கள் இரண்டையும் விரித்து, இரண்டு தலையணையிலும் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவின் சாக்லேட்டைச் சாப்பிட மனம் வராது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

கொலோனில் கப்பல் நின்றதும் ஒரு முடிவெடுத்தேன். பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அப்படியே ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவது. மூத்தவள், அந்த நேரம்தான் நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"சந்தோசமா இருக்கிறியளோ அப்பா?"

"ஓம் பிள்ளை, நல்ல சனம்."

அதுவரை நான் ஒருவரோடும் பேசியிருக்கவில்லை.

அம்மா எந்தத் தேவாலயத்துக்குப் போனாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவா. "இஞ்சேருங்கோ, சாமி இருக்கிற இடம். சப்பாத்தோட போக எனக்கு ஏலாது" என்பா. அன்று என் கால்களும் தாமாகவே கழற்றிவிட்டன. வாசலோரம் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மழை. சப்பாத்தைக் காணவில்லை. வேண்டாத பொருளை வாசலில் வைத்தால் விரும்பியவர் எடுத்துப் போகும் நாடு இது. இத்தனை வருடம் இருந்தும் மறந்துபோனேன். காலுறை நனைய நனைய அப்படியே நின்றேன்.

"ஏய், உனக்கென்ன விசரா?"

சுவரோரம் கடதாசி மட்டை விரித்து, வீடுவாசல் இல்லாத ஒருவர் இருந்தார். ஜெர்மன் மொழியில்தான் ஏசினார். தன் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கினார். அதற்குள் என் சப்பாத்து, நனையாமல். அவருடைய தோள் தெப்பமாக நனைந்திருந்தது.

"ரெண்டு பேர் தூக்கப் பாத்தாங்கள். நான்தான் கலைச்சன்."

"சாமியிட்டச் சப்பாத்தோட போறேல்லை" என்றேன்.

"அப்ப உன்ர சாமி சப்பாத்தைப் பாத்துக்கொள்ளாதோ?" என்று பல்லில்லாத வாயால் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பையிலிருந்த சாக்லேட் ஒன்றை நீட்டினேன். அவர் இரண்டாக உடைத்துப் பாதியை என்னிடமே தந்தார். "தனியத் தின்னிறது ருசிக்காது. இரு."

அந்த மட்டையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.

"இனி எங்க போறாய்?"

ரயில் நிலையம் கண்முன்னே இருந்தது. "கப்பலுக்கு" என்றது என் வாய்.

தனிமை போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். ஆனால் தனியே இருப்பவனுக்கும் பங்கு போட ஒரு ஆள் இருக்கும் என்பதை, ஒரு கூரையும் இல்லாத மனிதர்தான் எனக்குக் காட்டினார்.

அன்று பின்னேரம் அறைக்கு வந்து, அம்மாவின் தலையணையில் இருந்த சாக்லேட்டை இரண்டாக உடைத்தேன். பாதியைச் சாப்பிட்டேன். மற்றப் பாதியை அதே தலையணையில் வைத்துவிட்டு, ஆறு தெரிய யன்னல் சீலையை விலக்கினேன்.