அப்பாவுக்குக் கிடைத்த ஹை கிரேட்

என் அப்பா சாமித்தம்பி முப்பது வருடம் முகத்துவாரத்தருகே ஒரு வாடியில், கரையோர மீன் கொட்டிலில், இறால் தரம் பிரித்தவர். பெரியது, தலை உடையாதது ஹை கிரேட். கொழும்பு ஹோட்டல்களுக்குப் போகும். மற்றவை உள்ளூர்ச் சந்தைக்கு. சுனாமி வாடியைக் கொண்டுபோனது. இரண்டு மாதத்தில் தறப்பாள் கட்டி, அதன் கீழ் மறுபடியும் பிரித்தார்.

2009 மே. யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த கிழமை, சிறுநீரில் இரத்தம் போய் அப்பா வார்ட்டில் கிடந்தார். சிறுநீர்ப்பையில் சுரண்டிய சதைத் துண்டுகள் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு வந்தன. மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, சாயமேற்றுவது என் வேலை.

“என்ட சதைய மகள் மெழுகுதிரியாக்கிப் போட்டாள்” என்று அப்பா வார்ட் முழுக்கச் சொன்னார்.

முடிவு வந்த அன்று டொக்டர் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அப்பாவுக்குப் பிடிபட்டது இரண்டு சொல்: ஹை கிரேட்.

அடுத்த கட்டிலில் காத்தான்குடி முகைதீன்பாவா. அவருக்கும் அதே நோய். அப்பாவைவிட மூத்தவர், அதனால் அப்பாவுக்குக் ‘காக்கா’, அண்ணன்.

“காக்கா, உங்களுக்கு என்ன கிரேட்?”

“லோ கிரேட் எண்டாங்க தம்பி.”

“கவலப்படாதீங்க. நல்லாச் சாப்பிட்டா ஏறும்.”

“உங்களுக்கென்ன தம்பி, ஏத்துமதிச் சாமான்!”

புற்று இன்னும் தசைக்குள் இறங்கவில்லை. இறங்குமுன் சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்க வேண்டும். டொக்டர் படிவத்தை நீட்டினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

“ஹை கிரேட் எண்டு நீங்களே சொல்லிப்போட்டு வெட்டி எறியப் போறீங்களா? லோ கிரேட்டுக்காரருக்கு வெட்டுங்க.”

“என்னய ஏன் தம்பி மாட்டி விடுறீங்க?” என்றார் முகைதீன்பாவா.

இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் கடதாசியும் பேனையும் கொண்டுபோய், நுணுக்குக்காட்டியில் கண்ட உடற்கலங்களை வரைந்தேன்.

“இது நல்ல கலம். எல்லாம் ஒரே அளவு, வரிசையா நிக்கிது. இது உங்கட.”

ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றின் மேல் ஒன்று. அப்பா கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வாடிக்கு இப்படி வந்தா என்ன செய்வீங்க, அப்பா?”

“கூடையோட திருப்பி அனுப்புவன்.”

“அதுதான் ஹை கிரேட்.”

அப்பா அடுத்த கட்டிலைப் பார்த்தார்.

“அப்ப காக்காட லோ?”

“மெதுவா வளரும். சுரண்டிப்போட்டு, இடைக்கிடை உள்ளுக்குப் பார்த்தாப் போதும்.”

“காக்கா, நீங்க வெண்டுட்டீங்க.”

“நான் ஒண்டும் செய்யல்லயே தம்பி!”

அப்பா என் பக்கம் திரும்பினார். “இதுக்கு ஹை எண்டு பேர் வச்சவன் ஒரு நாளும் வாடிப் பக்கம் வந்திருக்க மாட்டான் மகள். பேனயத் தா.”

கையொப்பமிட்டார்.

அதன்பின் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை வயிற்றின் மேல் ஒட்டிக்கொண்டு ஐந்து வருடம் இறால் பிரித்தார். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். புற்று திரும்பியிருக்கவில்லை.

ஐந்து வருடம் நல்ல முடிவு என்று ஆய்வுகூடத்தில் சொல்வோம். எனக்குப் போதவில்லை.