'நலமுரண் எதுவும் இல்லை' என்று நான் போட்ட மேக்ரோ

1. திங்கட்கிழமை மெயில்

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் வெளிநாட்டுப் பதிப்பகத்தின் மெயில். தலைப்பில் 'அவசரம்' என்று இருந்தது. அவர்களுக்கு எல்லாமே அவசரம் என்பதால் நான் முதலில் போய் டீ குடித்தேன். இருபது வருஷ அனுபவம் தந்த நிதானம்.

எங்கள் வேலை இதுதான். உலகத்தில் எங்கேயோ ஒரு டாக்டர் ஆய்வுக் கட்டுரை எழுதுவார். அதைத் திருத்தி, பக்கமாக்கி, இதழில் வரும்படி செய்து கொடுப்பது திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸ். கட்டுரையின் கடைசியில் இரண்டு தகவல் கட்டாயம் இருக்க வேண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? முடிவு இப்படி வந்ததில் எழுதியவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா? இரண்டாவதுக்குப் பெயர் நலமுரண். கட்டுரையாளர் இவற்றைக் காலியாக விட்டிருந்தால் நாங்கள் அவருக்கு அனுப்பும் ப்ரூஃபில் 'க்வெரி' போட்டுக் கேட்க வேண்டும்.

டீ குடித்துவிட்டு வந்து மெயிலைப் படித்தேன். மூட்டுவலி எண்ணெய் ஒன்றைப் பற்றிய கட்டுரை. எண்ணெய் பிரமாதம் என்பது முடிவு. கீழே 'நிதியுதவி பெறப்படவில்லை, நலமுரண் எதுவும் இல்லை' என்று அச்சாகியிருந்தது. அதற்கு நான்கே வரி மேலே, பணமும் எண்ணெயும் கொடுத்த கம்பெனிக்கு டாக்டர் மனமார நன்றி சொல்லியிருந்தார். யாரோ ஒரு வாசகர் இதைப் பிடித்துவிட்டார். டாக்டரைக் கேட்டதற்கு, "அந்த வரியை நான் எழுதவே இல்லை, உங்கள் ஆட்கள் போட்டது" என்று பதில். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை.

2. பௌர்ணமி அவசரம்

பௌர்ணமி அன்றைக்கு எங்கள் ஊரில் கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்கு மேல் பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்குள் ஆபீஸை விட்டுக் கிளம்பாதவர்கள் வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும், லட்சம் பேரோடு. அதனால் ஒரு நாள் வேலையை அரை நாளில் முடிப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

அந்த அவசரத்துக்கு இந்த க்வெரி சரிப்பட்டு வராது. பணம் கொடுத்தது யார் என்று கேட்டால் ஒரு டாக்டர் 'ஓகே' என்று பதில் போடுவார். இன்னொருவர் 'நன்றி, படம் தெளிவாக இருக்கிறது' என்பார். ப்ரூஃபில் தன் இனிஷியலைத் தவிர வேறெதையும் படிக்காத ஜாதி அது. வெறுத்துப்போய் ஒரு பௌர்ணமியன்று நான் ஒரு மேக்ரோ எழுதினேன். மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால், காலியாக இருக்கும் இடத்தில் 'நிதியுதவி பெறப்படவில்லை, நலமுரண் எதுவும் இல்லை' என்று தானே நிரப்பிக்கொள்ளும். க்வெரியும் கிடையாது, பதிலும் கிடையாது. அன்றைக்கு பதினொன்றரைக்கே வீட்டுக்குப் போய் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சாப்பிட்டேன். நாளடைவில் அது எல்லார் சிஸ்டத்துக்கும் பரவியது. யார் எழுதியது என்பது பலருக்கு மறந்தும் போனது.

இதற்கு நடுவில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு நலமுரண் பற்றி வகுப்பு எடுத்ததும் நான்தான்.

3. நடுநிலையாளர்

மேனேஜர் பாஸ்கர் என்னைக் கூப்பிட்டார். தப்பு எப்படி நடந்தது என்று ரிப்போர்ட் வேண்டுமாம். செய்த ஆளின் பெயரும் வேண்டுமாம், அந்த ஆளை இந்த ப்ராஜெக்டிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம்.

"நீங்களே விசாரிச்சுடுங்க ஏழுமலை சார். நீங்கதான் யாரு பக்கமும் சாயமாட்டீங்க" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கட்டுரை ஒரு பௌர்ணமியன்று போயிருந்தது. பட்டனை அழுத்திய லாகின் கோமதியுடையது. பக்கத்து அடி அண்ணாமலைக் கிராமத்துப் பெண், எம்.எஸ்சி. படித்தவள், கான்ட்ராக்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவள். அவளுக்கு வேறு ப்ராஜெக்ட் கிடையாது. இதிலிருந்து எடுத்தால் நேராக வீடுதான்.

நான் ரிப்போர்ட் எழுதினேன். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று அழகாக எழுதினேன். மேக்ரோ என்ற சொல்லே அதில் வரவில்லை. அரை மணி நேரத்தில் எழுதி முடித்து நிமிர்ந்தால் கோமதி நிற்கிறாள்.

"என் பேரு வந்துடுச்சா சார்?"

"லாகின் உன்னுதும்மா. நான் என்ன பண்றது?"

"நான் படிக்காம அழுத்துனது தப்புதான் சார், ஒத்துக்கறேன். அந்தப் பட்டனை அழுத்தச் சொல்லிக் குடுத்தது நீங்க. நானே எழுதுனதுன்னு அன்னிக்கு ரொம்பப் பெருமையா வேற சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்தி, "அதை ரிப்போர்ட்ல நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள்.

குரலை உயர்த்தவே இல்லை. வகுப்பில் நான் காட்டிய ஸ்லைடுகள் எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் போயின.

4. ஒரு வரி

ரிப்போர்ட்டைத் திறந்து முதல் வரியாக இதைச் சேர்த்தேன்: 'இந்தத் தவறுக்குக் காரணமான மேக்ரோவை எழுதியதும், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும், இந்த விசாரணையைச் செய்ததும் ஒரே ஆள்தான்.' கீழே என் பெயர். பிறகு மீதி எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. அந்த முதல் வரிக்குக் கீழே 'பணியாளரின் கவனக்குறைவு' நிற்கவே மாட்டேன் என்றது.

பாஸ்கர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை யாரு சார் கேட்டாங்க உங்களை?"

"யாரும் கேக்கல சார்" என்றேன். "அந்த டாக்டரும் யாரும் கேக்கலன்னுதான் காலியா விட்டாரு."

ப்ராஜெக்டிலிருந்து எடுக்கப்பட்ட ஆள் நான். இப்போது வேறொரு இதழுக்கு மேற்கோள் பட்டியலில் காற்புள்ளி சரிபார்க்கிறேன். இப்போதைக்கு என் தகுதி அதுதான் போல. மேக்ரோவை எல்லார் சிஸ்டத்திலிருந்தும் எடுத்தாயிற்று. கோமதிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலையும் நிரந்தரமானது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. காலியாக இருக்கும் இடம் யாருடைய பதிலும் இல்லை. கேளுங்கள், பதில் வரும்வரை நிரப்பாதீர்கள். அது உங்களைப் பற்றிய இடமாக இருந்தால், யாராவது பக்கத்தில் வந்து நின்று கேட்பதற்கு முன்னால் நீங்களே எழுதிவிடுங்கள். எனக்கு அந்த அரை மணி நேர வித்தியாசத்தில்தான் மானம் போயிற்று.