மூன்று ட்ரில்லும் ஒரு ரோஸ் கலர் சுவரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சுவரைக் கொலை செய்தேன். தனியாக இல்லை... கூட்டாக.

தேவதானப்பட்டியில் இருக்கிறது என் மாமனார் வீடு. மச்சினனுக்குப் பெண் பேசி முடியும் கட்டம். சின்னமனூரிலிருந்து பெண் வீட்டார் அன்று சாயங்காலம் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. மச்சினனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பெண்ணின் அம்மா இன்னும் பிடி கொடுக்கவில்லை. வீட்டைப் பார்த்த பிறகுதான் பதில் என்று சொல்லிவிட்டாராம்.

அதற்காகவே ஹாலுக்குப் புது பெயிண்ட். இளம் ரோஸ். பெயிண்டர் பழைய ஆணியைப் பிடுங்கி, பட்டி பார்த்து, மழுமழுவென்று அடித்துவிட்டுப் போயிருந்தார். அதில் மறுபடி சுவர்க்கடிகாரத்தை மாட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு ஓட்டை.

அந்த ஒரு ஓட்டைக்கு மூன்று மாப்பிள்ளைகளும் ஆளுக்கொரு ட்ரில்லோடு வந்து இறங்கினோம்.

என்னுடையது பச்சை. பிரஷ்லெஸ் கார்ட்லெஸ். அதாவது ஒயர் கிடையாது. மோட்டாருக்குள் தேய்ந்து போகிற கார்பன் பிரஷ்ஷும் கிடையாது. சூடாகாது, பேட்டரி நின்று பேசும். வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் வீடியோ பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனி எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாங்கிய பிறகு அதை வைத்து என்ன செய்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்குத்தான் முதல் ஓட்டை.

மூத்த சகலைக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். அவருடையது மஞ்சள். இளைய சகலைக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம், அவருடையது நீலம். சொல்லி வைத்தாற்போல் மூன்றும் பிரஷ்லெஸ். மூன்றும் வேறு வேறு கம்பெனி. ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் சேராது... எங்களை மாதிரியே.

ஒருவர் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் மூத்த சகலை, “சகல, மூணையும் வச்சுப் பாத்துருவோமே” என்று ஆரம்பித்தார்.

போட்டி என்றால் நியாயம் வேண்டாமா? ஒரே சுவர், ட்ரில்லில் மாட்டும் ஒரே பிட், ஒரே ஆழம் என்று முடிவானது. ஒரே பிட் என்பது நியாயத்துக்காக மட்டுமல்ல. கான்கிரீட் பிட்டை மற்றவர் கொண்டுவருவார் என்று இரண்டு பேர் நம்பி வந்திருந்தோம்.

முதலில் பச்சை. சுவரை இடித்துத் துளைக்கிற ஹேமர் மோடைப் போட நான் மறந்துவிட்டேன். ட்ரில் வீல் வீலென்று கத்தியது, சுவர் அசரவில்லை. பிறகு போட்டேன். அசந்தது. கொஞ்சம் அதிகமாகவே அசந்து, திருகாணி பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் தொளதொளவென்று ஆடுகிற அளவுக்கு ஓட்டை. அடுத்து மஞ்சள், பக்கத்தில். நேரமானாலும் சுத்தமான ஓட்டை. அடுத்து நீலம். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கிவிட்டது.

கடிகாரத்தை மாட்டிவிட்டு அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மஞ்சள் ஒப்புக்கொள்ளவில்லை. நீலம் இறங்கியது செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்திலாம். தான் போட்டது கெட்டிச் செங்கல்லிலாம். சரி, இடத்தை மாற்றிப் போடுவோம். போட்டோம். அப்போது என் பேட்டரி பாதிதான் இருந்தது என்று நான் ஒரு ஆட்சேபம் எழுப்பினேன். சார்ஜ் போட்டு மறுபடி... கை வலி எவ்வளவு என்று பார்க்க ஒரு சுற்று. வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று.

ஏன் யாரும் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எப்படித் தடுப்பார்கள்? நாங்கள் மாப்பிள்ளைகள்! எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகக்கூடப் பேசமாட்டார். மகளிடம் சொல்வதுபோல நமக்குக் கேட்கும்படி சொல்வார். அன்றும் கதவுக்குப் பின்னாலிருந்து, “ஏத்தா, மாப்பிள்ளைகளுக்குக் காப்பி வேணுமான்னு கேளு” என்றுதான் குரல் வந்தது. அது ‘நிறுத்தித் தொலையுங்கள்’ என்பதன் மரியாதையான வடிவம் என்று இப்போது தெரிகிறது. நாங்கள் காப்பி குடித்துவிட்டுத் தெம்பாகத் தொடர்ந்தோம். மாமனார் இதைப் பார்க்கச் சகிக்காமல் தோப்புக்குப் போய்விட்டார்.

கடைசியில் எங்களை நிறுத்தியது மச்சினன்தான். பாவம், உள்ளே வந்து சுவரைப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் நாங்களும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தோம். சல்லடை. ஒரு பையனின் கல்யாணத்தில் ஓட்டை போட்டுவிட்டோமே!

கடிகாரம் ஒரு ஓட்டையை மறைத்தது. மிச்சத்தின்மேல் மூத்த சகலையின் ஏலக்காய்க் கடை காலண்டர், பெரிய சைஸ். பார்வைக்குப் பரவாயில்லை என்று மூச்சுவிட்டோம்.

சாயங்காலம் பெண் வீட்டார் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். தோப்பிலிருந்து திரும்பியிருந்த மாமனார் மரியாதைக்காக ஃபேனை ஐந்தில் வைத்தார். காலண்டர் தூக்கிக்கொண்டது.

பெண்ணின் அம்மா அருகில் போய்ப் பார்த்தார். “என்னம்மா இது?”

மாமியார் குரலில் ஒரு சலனமும் இல்லை. “எங்க மாப்பிள்ளைக போட்டாக.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“மாப்பிள்ளைகள என்னன்னு சொல்றது...”

அந்தம்மா எங்கள் மூவரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். நான் பஜ்ஜித் தட்டில் ஒளிந்துகொண்டேன். போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே போன். சம்மதமாம்! பெண்ணின் அம்மா சொன்ன காரணத்தை என் மனைவி அப்படியே ஒப்பித்தாள். “இம்புட்டு ஓட்டையப் போட்டவுகளையே ஒரு வார்த்தை சொல்லாத பொம்பள, எம் மகளயா ஏசப் போறாக? அங்கன குடுத்தா அவ நிம்மதியா இருப்பா.”

யோசித்துப் பாருங்கள். பெயிண்ட், டைல்ஸ், கடிகாரம் என்று நாம் எதையெல்லாமோ காட்ட நினைக்கிறோம். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவது வேறு எதையோ. நம் முட்டாள்தனத்தை வீட்டிலுள்ளவர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்பதைத்தான் அந்தம்மா பார்த்தார். ஆக, இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவர்கள் நாங்கள்தான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் இங்கே அச்சில் ஏறாது.

நேற்று மாமியாரிடமிருந்து அழைப்பு. மனைவி போனை என்னிடம் நீட்டினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துருங்க மாப்பிள்ளை. வரும்போது அந்த மிஷின மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வாங்க.”

விசாரித்தேன். போடிக்கும் கம்பத்துக்கும் இதே போன் போயிருக்கிறது. ஆகவே, மூன்று ட்ரில்களுக்கும் போட்டி... டிரா!