வேலை வேண்டுகிறவர்கள் எழுந்து நிற்கலாம்

என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பேக்கப் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்கமாட்டார், "பேக்கப் எடுத்தியா?" என்றுதான் கேட்பார். ஒரு கம்பெனியின் கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அடங்கிய டேட்டாபேஸை நகலெடுத்து வைத்து, அழியாமல் கட்டிக் காப்பது அவர் வேலை. அது போதாதென்று, அதே தொழிலில் இருக்கிறவர்களைச் சேர்த்து ஒரு பயனர் குழு வேறு நடத்திவந்தார். மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் பயிற்சி நிலையத்தில் கூட்டம். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், பிஸ்கட் தின்பார்கள். புரொஜெக்டரில் சேரவே சேராத வயர்களுக்கென்று ஒரு பை வைத்திருந்தார். அது எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எத்தனை தடவை இடறியிருக்கிறேன்! "ஊரான் வீட்டு மிஷினுக்கெல்லாம் நீங்கதான் டாக்டரா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே பையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவார்.

அந்தக் கூட்டத்தில் அவராக ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. கடைசியில், "ஆள் வேணுங்கிறவங்க கையைத் தூக்குங்க. வேலை வேணுங்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்பார். நிற்கிற ஒவ்வொருவரிடமும் யாராவது போய்ப் பேசும்வரை கூட்டம் கலையாது. கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களையும் விடமாட்டார். "வேலை இல்லன்னு சொல்றதுல என்ன வெக்கம்? திருடிட்டா வந்தே?" என்று கிளப்பி நிறுத்துவார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். தன் வேலை போனபோது ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. டேட்டாபேஸ் முழுவதையும் தங்கள் இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ராப்பகலாக உட்கார்ந்து மாற்றிக் கொடுத்ததே இவர்தான். வேலை முடிந்த கையோடு சீட்டைக் கிழித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் பார்த்ததெல்லாம், வழக்கம்போல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு டிபன் டப்பாவோடு கிளம்புகிற மனிதரைத்தான். நேரே பொது நூலகத்துக்குப் போய், அங்கே உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? டப்பாவில் பாதிச் சோறு அப்படியே திரும்பி வந்தது. போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். தூக்கத்தில் பல்லைக் கடித்தார். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதைப் பார்த்தாலும் நோயாகத்தான் தெரியும். அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப்பையைத் துழாவினேன், மாத்திரை அட்டை ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றுமில்லை. அதனால் பயம் போய்விடுமா? எங்கே ஒளித்துவைத்திருக்கிறாரோ என்று இன்னும் கூடியது.

"உடம்புக்கு என்னங்க? எங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப் போறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி."

வேலை ஜாஸ்தியாம்! நானும் நம்பித் தொலைத்தேன், பாதி.

இதற்கு நடுவில் என் கதை. கடையில் நாள் பூரா நின்று நின்று என் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகச் சுருண்டுவிட்டது. "வேலையை விட்டுடு, நான் பாத்துக்கறேன்" என்று வருஷக்கணக்காகச் சொன்னவர் இவர். இழுத்தடித்தவள் நான். இப்போதோ இவருக்கு ஏதோ பெரிய நோய் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. கூட இருந்து கவனிக்க ஆள் வேண்டாமா? "இந்த மாசத்தோட நின்னுடட்டுமாங்க?" என்று கேட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தபடி, "வர்ற வாரம் பேசிக்கலாமே" என்றார்.

"இத்தனை வருஷமா விடு விடுன்னீங்க. இப்ப என்ன வர்ற வாரம்? வெள்ளிக்கிழமை லெட்டர் குடுத்துடறேன்."

"சரி, உன் இஷ்டம்" என்று கைகழுவ எழுந்துவிட்டார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

முதலாளி வெளியூர் கிளம்புவதாகச் சொன்னதால், ராஜினாமாவை வியாழக்கிழமை மத்தியானமே கொடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். "உங்க எடத்துக்கு எங்க அண்ணன் மருமகளப் போட்டுக்கறேன், கவலப்படாதீங்கம்மா" என்று என் எதிரிலேயே போன் போட்டு அவளை வரச் சொல்லிவிட்டார். அதோடு அந்தக் கதவு சாத்தியாயிற்று.

இவரிடம் நேரிலேயே போய்ச் சொல்லலாம் என்று அன்று சாயங்காலம், வாழ்க்கையில் முதல்முறையாக, அந்தக் கூட்டத்துக்குப் போனேன். திரைக்காக விளக்கை அணைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், அவர் கவனிக்கவில்லை. யாரோ ஒரு பெண் கட்டம் கட்டமாகக் காட்டிப் பேசினாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசி ஓடுகிற அறையில் கழுத்தைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்துவிட்டது. நெஞ்சுவலியோ? ஆம்புலன்ஸ் வந்தால் இந்தக் குறுகல் படியில் எப்படி இறக்குவார்கள்? கடவுளே, என் புத்தி போன போக்கு!

பேச்சு முடிந்து விளக்கைப் போட்டார்கள். இவர் மைக்கோடு முன்னால் வந்தார். ஆள் வேண்டும் என்று ஒரு தாடிக்காரர் மட்டும் கையைத் தூக்கினார். வேலை வேண்டும் என்று கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் நரைத்த தலைக்காரர் ஒருவரும் எழுந்தார்கள். ஆட்கள் போய்ப் பேசினார்கள், அவர்கள் உட்கார்ந்தார்கள்.

"வேற யாரும் இல்லையே அண்ணே? கலையலாமா?" என்றார் தாடிக்காரர்.

"இன்னும் ஒரு ஆள் இருக்கு" என்றார் இவர். மைக்கை மேஜைமேல் வைத்தார். "நான் மொதல்லேருந்தே நின்னுக்கிட்டுதான் இருக்கேன். உங்களுக்குத்தான் தெரியல."

அண்ணன் ஜோக்கடிக்கிறார் என்று நாலு பேர் சிரித்தார்கள்.

"நெசமாத்தான். எனக்கு வேலை போயிடுச்சு. வீட்ல இன்னும் சொல்லல. இங்க சொல்லிட்டா, அங்கயும் வாய் வந்துடும்னு நெனச்சேன். நாளைக்கு அவ என்னை நம்பி வேலைய விடப் போறா. அதுக்குள்ள சொல்லியாகணும்."

நோய் இல்லை! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் முதலாளி போனில் சொன்னது நினைவுக்கு வந்து பகீரென்றது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ பேரை நிறுத்தி வேலை தேடிக் கொடுத்தவரிடம் போய், உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று யார் கேட்பது? ஆளாளுக்குப் போனைப் பார்த்தார்கள். அந்த மனிதர் எதிரே ஒற்றையாக நிற்கிறார், இதுகள் குனிந்துகொண்டு போனை நோண்டுகின்றன! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். என்னைக் கண்டதும் பேய்முழி முழித்தார்.

"நீ எப்ப வந்தே?"

"நான் வந்தது கெடக்கட்டும். சோத்தப் பாதிப் பாதியா திருப்பிக் கொண்டாந்தப்பவே சொல்லித் தொலைச்சா என்ன? புத்துநோயோ என்னமோன்னு நான் செத்துச் செத்துப் பொழச்சேன்!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "திட்டு, எவ்வளவு வேணா திட்டு. நாளைக்கு மட்டும் லெட்டர் குடுத்துடாதே. அது ஒண்ணு போதும்."

"மத்தியானமே குடுத்துட்டேங்க."

பிடி இறுகியது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தாடிக்காரர் எழுந்து எங்களிடம் வந்தார். இவரிடம் பேசத்தான் வருகிறார் என்று நான் விலகப் பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்தார்.

"அக்கா," என்றார், மெதுவாக. "நீங்களும் நிக்கிறீங்களா?"

இத்தனை வருஷம் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய கூட்டம் மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் விண்விண்ணென்று தெறித்தது.

"ஆமா தம்பி," என்றேன். "நிக்கிறேன்."