வயிற்றுக்குள் ஒரு குசினி

விவசாயப் போதனாசிரியர் உத்தியோகத்தில் மழை பெய்தாலும் பிழை, பெய்யாவிட்டாலும் பிழை. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் நாங்கள்தான். ஊருக்கு உபதேசம் சொல்லிச் சம்பளம் வாங்கும் என் இனத்தவர் யாராவது இதைப் படித்தால், கிளிநொச்சிப் பக்கம் ஒரு குளத்தடிக் கிராமத்தில் நான் பட்ட பாட்டைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

வீட்டுச் சாப்பாடு

புதிதாக ஒன்றைப் படித்தால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஒரு பயிற்சிக்குப் போய் வந்த கையோடு கமக்காரர் அமைப்பு மண்டபத்தில் ஆட்களைக் கூட்டினேன். பயற்றங்கொடியில் கறுப்பாக அடை அடையாய் ஒட்டுமே அழுக்கணவன், அது குடிப்பது வெறும் இனிப்புச் சாறு. அதில் சத்து போதாது. குறையும் சத்தை அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் பக்டீரியா செய்து கொடுக்கிறது. பூச்சி அதற்கு இடம் கொடுக்கிறது. தாய் குட்டிக்கும் அதைக் கொடுத்தே விடுகிறது. “பூச்சியின் வயிற்றுக்குள் ஒரு குசினி, அதில் ஒரு சமையல்காரன்” என்று கையை விரித்து முடித்தேன்.

முன்வரிசையில் இருந்த செல்வராணி அக்கா மட்டும் கண் வெட்டாமல் கேட்டார். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் களை பிடுங்கியவர், முதல் தடவையாகச் சொந்தமாகப் பயற்றம் பந்தல் போட்டிருந்தார். அது கைவிட்டால் மறுபடி களை பிடுங்கத்தான் போகவேண்டும். மற்றவர்கள் கதிரையை விட்டு எழும்புவதிலேயே குறியாக இருந்தார்கள். நான் தனிக்கட்டை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்பதை அறிந்த கந்தசாமி அண்ணை போகிற போக்கில் சொன்னார்: “அதுக்கு வீட்டுச் சாப்பாடு, உங்களுக்குக் கடைச் சாப்பாடு. பிறகு எப்பிடிச் சேர் நீங்கள் அதை வெல்லுறது?”

புற்றடியில்

அடி வாங்கியும் வாய் அடங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரம்போரம் ஒரு புற்றுக்குப் பால் ஊற்றிக்கொண்டு சிலர் நின்றார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். அதோடு போயிருக்கலாம். இந்தப் புற்றைக் கட்டிய கறையானுக்கு மரம் தின்னத்தான் தெரியும், தனியே செமிக்கத் தெரியாது, வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் செமிக்க உதவுகின்றன என்று தொடங்கிவிட்டேன்.

பூசை செய்துகொண்டிருந்த ஐயா செம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். மரியாதையில் நிற்கிறார் என்று நினைத்து நானும் நீட்டினேன். கடைசியில் அவர் கேட்டது இவ்வளவுதான்: “சேர், நாகதம்பிரானுக்குப் பால் ஊத்தி முடிச்சிட்டு மிச்சத்தைக் கேப்பமோ?”

கப்சூல்

செல்வராணி அக்காவின் பந்தலில் அழுக்கணவன் ஏறிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது கொழுந்தெல்லாம் சுருண்டு கறுத்திருந்தது. அவர் மருந்தடிக்கும் தாங்கியை முன்னால் வைத்துக்கொண்டு, புருசனின் கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்து மிஞ்சிய, பக்டீரியாவைக் கொல்லும் கப்சூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தார். இங்கே எந்த வீட்டு அலுமாரியிலும் மிஞ்சிய குளிசை ஒரு பை கிடக்கும்.

தாங்கியை இழுத்து எடுத்தேன். மனுசருக்குக் கொடுத்த கப்சூலை, நாங்கள் சாப்பிடும் காயில் அடிக்கக்கூடாது, இந்தப் பயற்றையின் வேர் முடிச்சுகளிலும் நல்ல பக்டீரியா இருக்கிறது என்றெல்லாம் சத்தம் போட்டேன். சவர்க்காரத் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். கறுத்த நுனிகளைக் கிள்ளவும், அழுக்கணவனைத் தின்னும் சிவப்புப் புள்ளி வண்டுகளை விட்டுவைக்கவும் சொன்னேன். நாளைக்கே வந்து பார்ப்பேன் என்று வாக்கும் கொடுத்து, மிஞ்சிய கப்சூல்களைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டேன். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “சமையல்காரன் செத்தா வீடு பட்டினிதானே எண்டு யோசிச்சன் சேர். நீங்கள் படிப்பிச்சதைத்தானே செய்தனான்.”

சட்டைப்பை

அன்றிரவு கடைக் கொத்துரொட்டி வயிற்றைக் கலக்கியது. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கப் பஞ்சி. சட்டைப்பையில் கப்சூல் இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்த வாயால் அதை விழுங்கினேன், வயிறு கேட்காததால் இன்னும் ஒன்று. வயிறு இருந்த கொஞ்சமும் கெட்டு, பத்து நாளாக அறையை விட்டு வெளியே தலைகாட்ட முடியாமல் கிடந்தேன். டொக்டர் ஏசியது தனிக்கதை. வயிற்றைவிட என்னை வருத்தியது அந்தப் பந்தல்தான். வருகிறேன் என்று சொல்லி ஒரு மனுசியை நடுவழியில் விட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

நான் எழும்பி நடக்கத் தொடங்கிய நாள் அக்காவே தேடி வந்தார். ஒரு கையில் ஒரு கட்டுப் பயற்றங்காய், மறு கையில் தயிர் விட்ட பழஞ்சோறு. நான் வராவிட்டாலும், நான் சொன்னபடியே அவர் அடித்து, கிள்ளி, வண்டுகளுக்குக் காவலும் இருந்திருக்கிறார். பாதிக் கொடி போனது, பாதி புதுக்கொழுந்து விட்டுவிட்டது. இனிக் களை பிடுங்கப் போகத் தேவையில்லை. பறித்த கப்சூல் எங்கே என்று அவர் கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை, விழுங்கியதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்: “பூச்சின்ர வயித்துக்க ஆர் இருக்கினம் எண்டு எங்களுக்குச் சொன்னனீங்கள். உங்கட வயித்துக்க ஆர் இருக்கினம் எண்டு ஒருக்கா யோசிக்கேல்லையோ சேர்?”

என் வகுப்பைக் கடைசிவரை கவனித்த ஒரே ஆள் பந்தலையும் காப்பாற்றி என்னையும் காப்பாற்றிவிட்டார். கவனிக்காமல் இருந்த ஒரே ஆள் நான்தான்.