ஒருவரையே குறிக்கும்

எங்கள் அலுவலகத்தின் நிரல்கள் நாற்பது இடங்களில் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் ரெப்போ என்போம். நிரலும், அதில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் சேர்ந்து இருக்கும் களஞ்சியம் அது. ஒரு சின்ன மாற்றத்துக்காக நாற்பதுக்குள்ளும் தனித்தனியாகப் போய் ஒரே கட்டளையை நாற்பது தரம் அடித்துக் களைத்துப்போய்த்தான் நான் அந்தக் கருவியை எழுதினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும், நாற்பதுக்குள்ளும் புகுந்து சொன்ன வேலையை முடித்துவிட்டு வரும். அதற்கு ‘எல்லாம்’ என்று பெயர் வைத்தேன். சிங்கள நண்பர்களுக்குக் கடைசி எழுத்து நாக்கில் நிற்கவில்லை. வாலைக் குறுக்கி, மலைநாட்டில் இருக்கும் ஓர் ஊரின் பெயராக்கி ‘எல்ல’ என்றார்கள். ஓர் எழுத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவள். என்னைவிட இரண்டு வயது இளையவள், வேலையில் என்னைவிட ஐந்து வருடம் மூத்தவள் என்று சொல்லலாம். அவ்வளவு கெட்டிக்காரி. அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே வில்லங்கம் அவளுடைய பெயர்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், வங்கியில் வேறொரு விதம். ஓர் இடத்தில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், இன்னோர் இடத்தில் பின்னால் போகும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘எச்’ வரும், போகும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது சமாதான நீதவானிடம் போய், “மேற்படி பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும்” என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வருவாள்.

“உமக்கெண்டு ஒரு சமாதான நீதவானைச் சம்பளத்துக்கு வைக்கலாம்” என்று நான் பகிடி பண்ணுவேன்.

“வைக்கலாம். அவரும் என்ர பேரைப் பிழையாத்தான் எழுதுவார்” என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல், மேலாளர் என் மேசைக்கு வந்தார். இரத்மலானைக்காரர், நல்ல மனிதர், யாரையும் அதட்டத் தெரியாதவர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு பட்டியல் கேட்கிறாராம்: போன இரண்டு வருடத்தில் நாற்பது களஞ்சியங்களிலும் யார் யார் எத்தனை மாற்றம் செய்தார்கள். ‘எல்ல’வால் முடியுமா என்றார். முடியுமாவா! நான் ஒரு வரி அடித்தேன். தேத்தண்ணியில் ஒரு வாய் குடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. அவர் என் தோளில் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பட்டியலைக் கீழ்வரை வாசிக்காமலே அனுப்பினேன்.

எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த புதன்கிழமை மூன்று பேருக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். அவளுக்கும் ஒன்று. அவள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “வேலை காணாதாம் அண்ணா” என்றாள். அவள் செய்த வேலை போதாதென்றால் நாங்களெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

அவள் கழிவறைப் பக்கம் போன நேரத்தில் நான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவரின் பெயர் பதிவாகும். அவரவர் கணினியில் எப்படி எழுதியிருக்கிறதோ, அப்படியே. அவளுடைய முதல் மடிக்கணினியை ஒழுங்கு பண்ணிய சிங்களப் பொடியன் காதில் விழுந்தபடி ‘எச்’ இல்லாமல் எழுதியிருந்தான். இரண்டாவதில் அவளே தகப்பனின் முதலெழுத்தைப் போட்டிருந்தாள். ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்து அண்ணனின் கணினியில் வேலை செய்தபோது, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். அந்தக் கணினியை அவள் பிறகும் சனிக்கிழமைகளில் பாவித்தாள். கடைசியாகக் கிடைத்த மடிக்கணினியில்தான் சம்பளப் பதிவில் இருக்கும் அதே பெயர். அது வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

பட்டியலில் அவள் நாலு பேராக இருந்தாள். சம்பளப் பதிவோடு ஒத்துப் பார்த்தவர்கள் ஒருத்தியை மட்டும் கண்டுபிடித்து, மற்ற மூவரையும் விலகிப்போன யாரோ என்று தள்ளிவிட்டார்கள்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். களஞ்சியத்துக்குள் ஒரு சின்னக் கோப்பு வைத்து, இந்தப் பெயர்களெல்லாம் இன்ன ஆள்தான் என்று எழுதிவிட்டால், எண்ணும்போது ஒன்றாகச் சேர்த்து எண்ணும். அதுவும் ஒரு சத்தியக் கடதாசிதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல நான் அப்போது அதை எழுதினேன். நாலே வரி. திரும்ப ஓட்டினேன். அவள் மேலிருந்து மூன்றாவதாக வந்து நின்றாள்.

பட்டியலின் கடைசி மூன்று பேருக்குத்தான் கடிதம் போயிருந்தது. அந்த மூவரில் அவள் விட்ட இடத்தில் இப்போது என் பெயர் இருந்தது.

இரண்டு வருடத்தில் பாதியை நான் ‘எல்லாம்’ எழுதுவதில்தான் கழித்திருந்தேன். அது அந்த நாற்பதுக்கு வெளியே, தனியாகக் கிடந்தது. ஊரையெல்லாம் எண்ணுகிற கருவி தன்னை எண்ணவில்லை.

மேலாளரிடம் போனேன். நாலு பெயரையும் காட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு, “மல்லி, தென் மொகுத் கரன்ன பே” என்றார். தம்பி, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்கிறார். பட்டியல் போய்விட்டது, அங்கே கையெழுத்தும் வைத்தாகிவிட்டது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். என் பெயர் எங்கே வருகிறது என்பதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் ஏலாது என்றபோது எனக்குள் ஒரு மூச்சு ஆறுதலாக இறங்கியது. அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து அவள் தொலைபேசியில் எடுத்தாள். எங்கள் அலுவலகம் கொடுத்த சேவைக் கடிதத்தில் அவள் பெயர் ஐந்தாவது விதமாக வந்திருந்தது. புது இடத்தில் சத்தியக் கடதாசி கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் வழக்கமாகப் போகும் நீதவான் ஊரில் இல்லை. “வெள்ளவத்தையில உங்கட ஒழுங்கைக்குள்ள ஒருத்தர் இருக்கிறார் எண்டியள். கூட்டிக்கொண்டு போவியளோ?”

போனோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஐந்து பெயரையும் உரக்க வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, உமக்கு இவவைத் தெரியுமோ?”

“ஓம், ஒண்டா வேலை செய்தனாங்கள்.”

“அப்ப எல்லாம் இவதானே?”

“ஓம். எல்லாம் இவதான்” என்றேன். அலுவலகத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவர் முத்திரை குத்தினார்.

காலி வீதிக்கு நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எனக்குச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. “நான் அண்டைக்கு அந்த லிஸ்டை...” என்று தொடங்கினேன்.

“தெரியும் அண்ணா. கடைசி நாள் ‘எல்லாம்’ ஓட்டிப் பாத்தனான். நாலையும் கூட்டியும் பாத்தனான். அப்ப கடைசி மூண்டில ஆர் வருகினம் எண்டும் பாத்தனான்.” அவள் வீதியைப் பார்த்தபடியே கேட்டாள்: “என்ர பேருகளைத் திருத்தி ரெப்போவில ஏத்திட்டியளோ?”

“இல்லை.” அந்த நாலு வரியும் என் கணினியில் மட்டும்தான் கிடந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மட்டக்குளி பஸ் வந்தது. அவள் மிதிபலகையில் கால் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“ஏத்தாதேங்கோ. திரும்பவும் லிஸ்ட் கேப்பாங்கள்.”

அதை அவள் இரக்கத்தில் சொன்னாளா, குத்தலாகச் சொன்னாளா என்று நான் கேட்கமுன் பஸ் எடுத்துவிட்டது.